ரேடியோ பிரதரின் மௌனம்

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு வந்துவிட்டால் அந்த மடத்தில் சொரூபங்களுக்கு ஊதாத் துணியும் துறவிகளின் வாய்க்குப் பூட்டும் போட்டுவிடுவார்கள். அதிலிருந்து இரண்டு வாரம், ஈஸ்டர் என்னும் உயிர்ப்பு ஞாயிறு காலைவரை, பாட்டும் ஜெபமும் தவிர யாரும் மூச்சு விடக் கூடாது. வாட்ஸப்புக்கு மட்டும் விதிவிலக்கு. நாள்தோறும் காலையில் இறைவார்த்தைச் சிந்தனை ஒன்பதாயிரம் பேருக்குப் போயாக வேண்டுமே!

அதை எழுதுகிறவரைப் பேனா சாமி என்பார்கள். “கண் கலங்கிவிட்டது ஃபாதர்” என்று வாசகர்கள் எழுதுவார்கள். தாழ்ச்சியைப் பற்றித் தாம் எழுதியதற்கு எத்தனை கைகூப்பல் விழுந்திருக்கிறது என்று அவர் இரண்டு முறை பார்த்துக்கொள்வார்.

தோட்டம் பார்க்கும் பிரதர் வேறு ரகம். முட்டைக்கோசைக் கூட நலம் விசாரிக்காமல் அறுக்க மாட்டார். அதனால் ரேடியோ பிரதர். பேனா சாமியை மட்டும் “அண்ணே” என்பார். சாமிக்கு அது பிடிக்காது. ஆனாலும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த மடத்தில் சாமியின் கதவைத் தட்டுகிற ஆள் இந்தப் பிரதர் ஒருவர்தான்.

மௌனம் தொடங்கிய மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையிலும் தட்டினார். சாமி அப்போது, மயிர் கத்தரிப்பவன் முன் வாய் திறவாத செம்மறியைப் பற்றிய இறைவாக்கினர் எசாயாவின் பகுதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வரியும் வரவில்லை. கதவைத் திறந்தார். ரேடியோ பிரதர் அங்கியெல்லாம் மண்ணோடு நின்றார். இடது கையால் சாமியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் கொட்டியது.

பேனா சாமி உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். தோளைத் தொட்டு மெல்லத் திருப்பி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். அதுவரை வராத வரிகள் மடை திறந்தாற்போல் வந்தன. “இன்று ஒரு சகோதரர் என் கதவருகே நின்று சொல்லின்றி அழுதார். செம்மறியின் மௌனம் எனக்குப் புரிந்தது…”

ஒன்பதாயிரம் பேரும் உருகினார்கள்.

அன்றிலிருந்து ரேடியோ பிரதர் ஒரு சொல் பேசவில்லை. மடமே இதை ஆண்டவர் செய்த புதுமை, அற்புதம் என்று கண்ணாலேயே பேசிக்கொண்டது. கரண்டியை இடது கையில் பிடித்துச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டார். நாவை ஒறுக்கிறார் என்றார்கள். வலது கால் செருப்பு நழுவி விழ, ஒற்றைச் செருப்போடு நடந்தார். இயேசுவின் பாடுகளில் பங்கெடுக்கிறார் என்றார்கள். திருப்பாடல் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மனப்பாடம் ஆகிவிட்டது போலிருக்கிறது! மடத்துத் தலைவர் பேனா சாமிக்கு ஒரு சீட்டு அனுப்பினார்: “பார்த்தீர்களா, ரேடியோவையே ஆண்டவர் அணைத்துவிட்டார்.”

வெள்ளிக்கிழமை மறுபடி கதவு தட்டப்பட்டது. கண்டபடி விழுந்த தட்டல். புனித வாரத்துக்கான சிந்தனைகள் பாக்கி இருந்ததால் சாமி எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்டல் நின்றது.

உயிர்ப்பு ஞாயிறன்று பூட்டு திறந்தது. இயேசுவின் கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்கள் சொன்ன செய்தியைச் சீடர்கள் வெறும் பிதற்றல் என்று தள்ளியதைக் காலையிலேயே பேனா சாமி பிடிபிடியென்று பிடித்து எழுதியிருந்தார். பத்து மணிக்குப் பார்வையாளர் அறைக்கு ரேடியோ பிரதரின் தங்கை வந்தார்.

“என்னண்ணே, ரெண்டு வாரமா போனும் இல்ல, கடுதாசியும் இல்ல. என்னைப் பார்த்ததும் பேச்சே நின்னு போச்சா?”

அண்ணன் சிரித்தார். தங்கையின் முகம் மாறியது.

“அண்ணே, இன்னொரு தடவ சிரி… சாமி, இவருக்கு வாய் கோணுது!”

“அது தவம்மா,” என்றார் தலைவர். “எல்லாருக்கும் கிடைக்கிற வரமா அது?”

“பதறாதீங்கம்மா. உள்ளுக்குள்ள ரொம்ப ஆழமா இருக்காரு,” என்றார் பேனா சாமி.

“எங்க அண்ணன் தூக்கத்துல கூட வாய மூடாது. தவமாம் தவம்! வண்டி இருக்கா, இல்ல நான் தூக்கிட்டுப் போகட்டுமா?”

மருத்துவமனையில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். “எப்ப ஆரம்பிச்சுது?”

“மௌனமா?” என்றார் தலைவர்.

“ஸ்ட்ரோக். பத்துப் பன்னெண்டு நாள் ஆயிருக்கும். அன்னிக்கே, உடனே கொண்டாந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். இனி பேச்சு வர்றது கஷ்டம். நாம பேசறதும் அவருக்குப் பெருசா புரியாது.”

நடைவழியில் பேனா சாமி தலைவரை நிறுத்தினார். “என்கிட்டதான் வந்தாரு. ரெண்டு தடவ வந்தாரு.”

“மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க,” என்றார் தலைவர். “இந்தத் தாழ்ச்சியையே அடுத்த ஞாயிறுக்கு எழுதிடுங்க. ஜனங்க உருகிடுவாங்க.”

பேனா சாமி உள்ளே போனார். கட்டிலருகே முழங்காலிட்டு, “என்னை மன்னிச்சிடுங்க தம்பி” என்றார். வாழ்நாளில் முதல் முறையாகத் தம்பி என்றார். ரேடியோ பிரதர் அவரைப் பார்த்துச் சிரித்தார். குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தும் அதே சிரிப்புத்தான் சிரித்திருந்தார். சாமி வேறு சொற்களில் சொல்லிப் பார்த்தார். இன்னும் எளிமையாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் உள்ளே போகவில்லை.

“எதுக்கு சாமி மன்னிப்பு?” என்று தங்கை கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னார். விரலை உதட்டில் வைத்ததை, கதவைச் சாத்தியதை, இரண்டாம் முறை திறக்காததை.

தங்கை அண்ணனின் கடைவாயைத் துண்டு நுனியால் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“யாரோ கதவுகிட்ட நின்னு அழுதாங்கன்னு உங்க வாட்ஸப்புல வந்துச்சே… அது எங்க அண்ணனா?”

சாமி தலையசைத்தார்.

“அதைப் படிச்சிட்டு நான் அழுதேன் சாமி. சித்தி, மாமா, சம்பந்தி வீடு, ஒருத்தர் விடாம அனுப்பிவிட்டேன். ‘யாரோ ஒரு புண்ணியவான், படிங்க’ன்னு நானே மேல எழுதி அனுப்பினேன்.”

திட்டுவார் என்று சாமி காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. தங்கை அங்கிருந்த ஒரே முக்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“அண்ணே, சின்னவளுக்கு வேலை கெடச்சிருச்சு. மேல் மாடி ஒழுகுது, உன் மச்சானுக்கு ஏணியப் பார்த்தாலே பயம்…”

அவர் பேசிக்கொண்டே போனார். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். பேனா சாமி முழங்காலிலிருந்து எழுந்து நின்றார். அவரைப் போகச் சொல்லவும் ஆளில்லை, இருக்கச் சொல்லவும் ஆளில்லை.