உபயம்: கலாநிதி சிவராசா

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். பிறகு நீங்கள் கண்டுபிடித்துக் கேட்டால் அசடு வழிய வேண்டிவரும். 2007இல் ஒருநாள், அட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் இருந்த ஜீவராணி சொன்னது. கினிகத்தேனையில் தொடங்கினாள், கண்டி வருவதற்குள் முடித்துவிட்டாள். "இதை எழுதட்டுமா?" என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுதிவிட்டேன்.

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: கதையே, கேட்காமல் எடுத்ததைப் பற்றியது! வெட்கமாகப் போய்விட்டது. பிரதியை அவளுக்கே தபாலில் அனுப்பினேன். சிவப்புப் பேனாவால் கிறுக்கித் திருப்பி அனுப்பினாள். அந்தக் கிறுக்கல்களை இங்கே அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். அதற்கு அனுமதி வாங்கியாயிற்று.

2

பனி மூடிய கந்தப்பளை மலைச்சரிவிலே, கொழுந்துக் கூடைகள் அசைந்தாட...

(அண்ணே, கதை நடந்தது போட்டோ கொப்பி கடையில. கூடைய எதுக்கு இழுக்கிறீங்க? – ஜீவராணி)

சரி, கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

2004. ஜீவராணி கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போனவள். புவியியல், கடைசி வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டனுக்கு வந்து பல்கலைக்கழகம் புகுவதற்கான ஏ.எல். சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். பூண்டுலோயாவிலிருந்தும் நல்லதண்ணியிலிருந்தும் பஸ் ஏறி நாற்பத்திரண்டு பிள்ளைகள் வருவார்கள். மலைநாட்டு மழையையும் மண்சரிவையும் ஒழுங்காகச் சொல்லும் தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட அவர்கள் கையில் இல்லை. இவள் பையிலோ ஒன்று இருந்தது. விரிவுரையாளர் சிவராசா தன் மாணவருக்கென்றே எழுதிக்கொடுத்த பாடக் கையேடு.

அதைக் கந்தப்பனின் போட்டோ கொப்பி கடையில் கொடுத்து நாற்பத்திரண்டு பிரதி எடுத்தாள். "இப்பாடநெறி மாணவருக்கு மட்டும். அனுமதியின்றிப் பிரதி எடுக்கலாகாது" என்று முதல் பக்கத்தில் இருந்தது. பிரதிகளில் அந்தப் பக்கம் இல்லை. அதைக் கழற்றி எறிந்தது கந்தப்பன்தான் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். கதாநாயகி பேர் கெட்டுப்போகக் கூடாதே!

(பொய். நான்தான் எடுத்தேன். பாவம் அந்த மனுசன், அவர் மேல பழி போடாதீங்க.)

3

ஏன் எடுத்தாள்? திருட்டுப் புத்தியா? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயில் திருவிழா நோட்டீஸில் ஒருவர் பேர் விட்டுப்போனால் மறுநாள் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் முன்பே சண்டை தொடங்கிவிடும். கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' என்று கொடுத்தவர் பேரை எழுதி எழுதி வெளிச்சத்தையே மறைத்துவைத்திருப்போம். பேரைப் போட்டால் மரியாதை செய்தாயிற்று, அவ்வளவுதான் கணக்கு. ஜீவராணியும் அந்தக் கணக்கில்தான் முதல் பக்கத்தை எடுத்துவிட்டு, பூ வேலை செய்த அட்டை வைத்து, பெரிய எழுத்தில் "உபயம்: கலாநிதி சிவராசா" என்று அடித்தாள். சிவராசா சேருக்குப் பெருமை தேடிக் கொடுத்த சந்தோஷம் வேறு!

(ஒரு குறிப்பு, இது என்னுடையது. பேர் போடுவது வேறு, கேட்பது வேறு. தன் படிப்புக்கு நாலு பக்கம் எடுத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். முழுக் கையேட்டையும் நாற்பத்திரண்டாக்கி வகுப்புக்கு வெளியே கொடுப்பதென்றால் கேட்டே ஆக வேண்டும். பல்கலைக்கழகம் சேரும் அன்றே இதை யாராவது சொல்லியிருந்தால்... விடுங்கள், கட்டுரையாகிவிடும்.)

ஒரு பிரதி எப்படியோ ஒரு கல்வி அதிகாரி கையில் சிக்கியது. அவர் சிவராசாவின் சிநேகிதர். "நீர் எப்ப இருந்து தானம் செய்யத் தொடங்கினீர்?" என்று கேட்டபடி பிரதியைச் சிவராசா கையில் கொடுத்தார்.

4

சிவராசாவை வில்லனாக்கத்தான் பார்த்தேன். மசியவில்லை மனிதர்.

"பிள்ளை, இது நான் குடுத்த உபயமோ?"

"உங்க பேரு போட்டுத்தானே சேர் குடுத்தேன்."

"என்ரை எழுத்து மட்டும் எண்டால் பேசாமல் விட்டிருப்பன். இதிலை இருக்கிற மண்சரிவு வரைபடம் ரெண்டும் வேறை ஆளின்ரை. என்ரை வகுப்புக்கு மட்டும் எண்டு வாக்குக் குடுத்து வாங்கினனான். இப்ப அவருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

அட்டையில் பேர் போட்டவளுக்கு அந்த இன்னொருவரின் பேர்கூடத் தெரியாது.

பல்கலைக்கழக விசாரணைக்குப் போனால் கடைசிப் பரீட்சை எழுத முடியாது. சிவராசா ஒரு வழி விட்டார். எல்லாப் பிரதியையும் இரண்டு வாரத்தில் திருப்பி வாங்கி வர வேண்டும். "என் அறிவுக்கு எட்டியவரை வேறு பிரதி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

(அப்பவாவது "பிள்ளைங்க வச்சிக்கட்டுமா சேர்"னு கேட்டிருக்கலாம். அதையும் கேக்கல அண்ணே.)

5

லயம் லயமாக, தோட்டத்து வரிசைவீடுகளெல்லாம் ஏறி இறங்கினாள். ஏ.எல். சோதனைக்கு மூன்று மாதம் இருக்கையில் கொடுத்ததைப் பிடுங்கும் டீச்சருக்கு யார்தான் நல்ல வார்த்தை சொல்வார்கள்? "சேர் சொன்னாருன்னா எங்க பிள்ளைக என்ன செய்யும்?" என்று ஒரு தாய் முகத்துக்கு நேரே கேட்டாள். வாங்கிக் கட்டிக்கொண்டு, சிவராசாவிடம் இருந்ததோடு நாற்பத்தொன்று சேர்த்தாள்.

கடைசிப் பிரதி நல்லதண்ணியில், சண்முகவடிவு என்ற பெண்ணிடம்.

"இந்தாங்க டீச்சர். ஒரு பக்கம்கூட கசங்கல."

மேசையில் கெட்டி அட்டை நோட்டு, அதாவது தடித்த சீஆர் கொப்பி ஒன்று திறந்தபடி கிடந்தது. ஜீவராணி புரட்டினாள். முழுக் கையேடும் கையெழுத்தில். அந்த இரண்டு வரைபடமும் கலர் பென்சிலில்.

"நீங்க திருப்பி வாங்குறீங்கன்னு கேள்விப்பட்டேன். பத்து நாள்ல எழுதி முடிச்சிட்டேன். இது நான் எழுதினதுதானே டீச்சர்?"

முதல் பக்கத்தில் பூ வரைந்து, அழகாக எழுதியிருந்தாள்: உபயம்: கலாநிதி சிவராசா.

6

கதைக்கு யோசித்த முடிவுகள்.

அ) கொப்பியையும் வாங்கிக்கொண்டாள். சண்முகவடிவு...

ஆ) கொப்பியைப் பார்க்காததுபோல வந்து கையெழுத்துப் போட்டாள்.

இ) சேரிடம் உள்ளதைச் சொன்னாள். சேர்...

என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். சிவராசா கேட்ட அந்த உறுதிக் கடிதத்தில் கையெழுத்துக்கு மேலே அவள் எட்டு வரி எழுதினாள். அதன் பிரதியைப் பஸ்ஸில் காட்டினாள். படித்துக் கண் கலங்கிவிட்டேன், பொய் சொல்லவில்லை. அந்த எட்டு வரிதான் என் முதல் வரைவின் முடிவு.

(இது நான் எழுதினது அண்ணே. மத்ததெல்லாம் போட்டுக்குங்க. இது மட்டும் வேணாம்.)

போன் போட்டுக் கெஞ்சினேன். "கதையே அதுலதான்மா இருக்கு" என்றேன். "கேட்டீங்க, இல்லன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதானே?" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

கேட்காமல் போட்டிருந்தால் இந்தக் கதைக்கு அருமையான முடிவு கிடைத்திருக்கும். கேட்டுவிட்டேன். "உபயம்: ஜீவராணி" என்று தலைப்பில் போட்டுச் சமாளிக்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் புத்தி போனது. சீ என்றாகிவிட்டது.

எட்டு வரிக்கான இடத்தைக் கீழே வெறுமையாக விட்டிருக்கிறேன். சிவராசாவின் மேசை, அதன்மேல் நாற்பத்திரண்டு பிரதி, நல்லதண்ணியில் ஒரு சீஆர் கொப்பி. பேனா உங்கள் கையில். எழுதுங்கள், அது உங்களுடையது. எனக்குப் பிடித்திருந்தால் எடுப்பதற்கு முன் கேட்பேன்.