மஞ்சளுக்கு விட்ட இடம்

மகள் கல்யாணத்துக்கு அண்ணன் வர வேண்டும். செல்லாத்தாளுக்கு வேறு ஆசை இல்லை. நிலத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன் நல்லான் மங்கலத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் தாய்மாமன் என்று தன் பேரைப் பார்த்தால் இளகிவிடுவார் என்று அவள் நம்பினாள்.

அவள் புருஷன் அர்த்தநாரி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியில் விரலகலம்கூட வீணாகாமல் வெட்டிப் பேர் வாங்கியவர். பத்திரிகையையும் அப்படித்தான் பார்த்தார். மயில்மேல் முருகன், பங்காளிகள், கம்பெனி முதலாளிகள், சூப்பர்வைசர் எல்லாரும் காகிதத்தின் விளிம்புவரை நெருக்கியடித்து நின்றார்கள். நல்லான் பேர் கீழ்மூலைக்குப் போய்விட்டது.

அச்சாபீஸ் காஜா மொய்தீன் சொல்லிப் பார்த்தார். "நாலு பக்கமும் கொஞ்சம் எடம் உடுங்க மாஸ்டர். சந்தையில எல்லாரும் ஒண்ணாக் கத்துனா யாரு கொரல் கேக்கும்?"

"காலியா உட்டா வேஸ்ட்டுங்க பாய்."

அர்த்தநாரி நல்ல நாள் பார்த்து, சாமிக்கு வைக்க நாலைந்து மட்டும் முதலில் அடித்து வாங்கிவந்தார். செல்லாத்தாள் மஞ்சளைக் குழைத்து வழக்கப்படி நாலு மூலையிலும் தடவினாள். கடைசி மூலையில் விரல் நின்றது.

"ஏனுங்க, எங்கண்ணன் பேரு எங்கீங்க?"

"அங்கதான புள்ள இருந்துச்சு."

"மஞ்சளுக்குக் கீழ இருக்குதுங்க. பூசாமக் குடுத்தா நல்ல காரியத்துப் பத்திரிகையான்னு கேப்பாங்க. பூசுனா அவரு பேரே இல்லை. நா எதைக் கொண்டுபோயி நீட்டட்டும்?"

அர்த்தநாரி பத்திரிகையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவளும் கூடவே போனாள்.

"அச்சுக்குக் கோத்த எழுத்தை இன்னும் பிரிக்கலீங்க, மாத்திரலாம்" என்றார் காஜா மொய்தீன். "எடம் வேணும்னா யாரையாச்சும் எறக்கோணும். யாரைங்க?"

அர்த்தநாரி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். "மொதலாளிகளை எடுத்துருங்க. அவங்க ஊட்டுப் பத்திரிகையில எம்பேரா இருக்குது?"

"சூப்பர்வைசரு?"

"மொதல்ல அவனைத் தூக்குங்க பாய்!"

ஓரங்களில் கட்டைவிரலகலம் வெள்ளையாக நின்றது. தாய்மாமன் பேர் நடுவில், கொஞ்சம் பெரிய எழுத்தில், சுற்றிலும் காற்றாட இறங்கியது.

மங்கலத்தில் நல்லான் தறியை நிறுத்தவில்லை. தங்கை மஞ்சள் பூசி நீட்டிய பத்திரிகையை ஒற்றைக் கையில் வாங்கினார். தன் பேரைத் தேட வேண்டியிருக்கவில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"ஏம் புள்ள, துண்டுத் துணி வீணாக்காத ஆளு உம் புருசன். என்ற பேரைச் சுத்தி இத்தனை எடம் உட்டிருக்கறான்?"

"உங்களுக்காக மொதலாளிகளையே வெட்டிப்போட்டாருங்ணா."

நல்லான் தறியை நிறுத்தினார். பத்திரிகையை இப்போது இரண்டு கையாலும் பிடித்திருந்தார். விரலில் ஒட்டிய மஞ்சளைத் துடைக்கவில்லை.

"உள்ள வா. சோறு தின்னுட்டுப் போலாம்."