பொத்தான் வைக்காத வெயில்

சிறுநீரகம் பழுதான தையல்காரர், எலும்பு வலிக்கு வெயில்தான் மருந்தென்று மாதக்கணக்கில் மொட்டைமாடியில் காய்ந்தார். கறுத்ததுதான் மிச்சம்.

டாக்டர் அவருடைய பாஷையிலேயே சொன்னார்: “விட்டமின் டி-யை வெயில் தோல்ல வெட்டிக் கொடுக்கும், கல்லீரல் தைக்கும், பொத்தான் வைக்க வேண்டியது சிறுநீரகம். உங்களுக்கு அதுதானே படுத்துடுச்சு! பொத்தான் வெச்சதையே மாத்திரையா தர்றேன்.”

தையல்காரருக்கா யோசனைக்குப் பஞ்சம்? மாத்திரைக்கும் கொஞ்சம் தெம்பு ஏறட்டுமென்று, எல்லாவற்றையும் தட்டில் பரப்பி வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்தார்.

காலி டப்பாவைப் படித்தபடியே மனைவி மேலே வந்தாள். “வெளிச்சம் படக்கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஊரார் சாயத்துணிய மட்டும் நிழல்ல காயப்போடத் தெரியுதாக்கும்?”