'அக்கா' என்று எழுதிய குழாய்

மூன்று வாரப் பிரார்த்தனையில் சிறுநீரகம் சரியாகுமா? என் அக்காவுக்கு ஆகிவிட்டதாம். காதில் பூச்சுற்றுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறவள். போன மாதம் அவளுடைய கிரியாட்டினின், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் அளவு, நாலு புள்ளி எட்டு. ஒன்றரையைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய எண் அது. பெரிய டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். அக்கா அழவில்லை. காலையும் மாலையும் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போய்க் கண்மூடி உட்கார்ந்தாள். நேற்று நானே மறுபடி ரத்தம் எடுத்து, நானே இயந்திரத்தில் ஓட்டினேன். புள்ளி எட்டு.

"பார்த்தியா, கேட்டுட்டார்," என்றாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட நான் போகலை."

"அது எப்படிக்கா குறையும்? அங்க யாராவது பொடி, மருந்துன்னு ஏதாவது குடுத்தாங்களா?"

"தண்ணி கூடக் குடுக்கலை. ஏன்டி, எல்லாரையும் சந்தேகப்படுவ, உன்னை மட்டும் விட்டுடுவ."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. டாக்டரைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிடுவாளோ என்று பயமும் வந்தது. அந்தப் பயத்தில்தான் இன்று ஆறரை மணிக்கே கூடத்தைத் திறந்தேன்.

முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டேன். அளவு தெரிந்த திரவத்தை ஓட்டினேன், இம்மி பிசகவில்லை. போன மாதம் அக்காவுக்கு ரத்தம் எடுத்த அன்று வந்த மற்றவர்களின் எண்களைப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்கு. கடைசியில் வேண்டாவெறுப்பாகப் பதிவு நோட்டைப் பிரித்தேன்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம். வெளியாள் என்றால் ரத்தம் எடுத்த குழாயில் எண் ஒட்டுவோம். நம்மவர்கள் என்றால் எண் கிடையாது. 'அம்மா', 'மாமா' என்று கையால் எழுதிவிடுவோம். அன்றைய பக்கத்தில் ஒன்பதாவது வரி: அக்கா. பதினான்காவது வரி: அக்கா. இரண்டும் என் கையெழுத்து.

என் வீட்டில் இருப்பதே ஒரு அக்காதான்.

பின்னால் துடைப்பம் உரசியது. கூடத்தைப் பெருக்கித் துடைக்கிறவர். வந்த நாளிலிருந்து எங்கள் எல்லாருக்கும் அவர் 'அக்கா'. கால் வீங்குகிறது என்று அன்று அவரும் ரத்தம் எடுக்கக் கை நீட்டியிருந்தார். புள்ளி எட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியது நான்தான். போன வாரம் மறுபடி வந்து சொன்னபோது, "ரிப்போர்ட் சுத்தமா இருக்கு. வேலைன்னா மட்டும் கால் வீங்குமோ?" என்று கிண்டலடித்தவளும் நான்தான். அவர் சிரித்துக்கொண்டே போய் மாடிப்படி முழுக்கத் துடைத்தார்.

"இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டீங்களேம்மா," என்றார். செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு நின்றார். கணுக்கால் இருந்த இடமே தெரியவில்லை.

அந்த நாலு புள்ளி எட்டு இவருடையது. என் அக்காவுக்கு ஒன்றுமில்லை. அதற்குச் சந்தோஷப்பட வெட்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உட்காருங்க. திரும்ப ரத்தம் எடுக்கணும். சாயங்காலம் என் அக்காவுக்கு வாங்கின நேரத்துல பெரிய டாக்டரைப் பார்க்கப் போறோம், நானும் வரேன்."

"எனக்கு ஒண்ணுமில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். நான் குழாயை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். ஐந்து வருடமாக ஒரே கூடத்தில் இருக்கிறோம்.

"உங்க பேர் என்ன?" என்று கேட்டேன்.