இருப்பான்

"கிருஷாந் இப்ப கர்த்தரிட்டை இருப்பான், சிஸ்டர்" என்று பாஸ்டர் மகாதேவியிடம் சொன்ன நேரத்தில் தனுசியா பிஸ்கட் ஒன்றைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தாள். அது கோப்பைக்குள்ளேயே முறிந்து விழுந்தது. எடுக்கக் கரண்டி கேட்பது செத்த வீட்டில் மரியாதையில்லை என்று விட்டுவிட்டாள்.

கூட்டத்துக்குப் பெயர் ஆறுதல் கூட்டம். முப்பத்தோராம் நாள் செய்வது சைவக்காரரின் வழக்கம், விசுவாசிகளுக்கு ஆகாது என்று சபை படிப்பித்திருந்தது. ஆகையால் சபையில் யாராவது செத்தால் முப்பத்தோராம் நாளன்று தற்செயலாக ஓர் ஆறுதல் கூட்டம் வைப்பார்கள். வடைக்குத் தடை. ரோல்ஸுக்குத் தடையில்லை.

மகாதேவி பருத்தித்துறையில் கடலோடிக் குடும்பமொன்றில் சைவமாகப் பிறந்து, நாலு வருடத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தவள். வீட்டில் அவளோடு சபைக்கு வந்தது மகன் கிருஷாந் மட்டும். அவனும் கர்த்தருக்காக வரவில்லை, டிரம் செட்டுக்காக வந்தான். பத்தொன்பது வயது. போன ஆவணியில் பாஸ்டர் நரகத்தைப் பற்றி மூன்று ஞாயிறு பிரசங்கித்தார். ஞானஸ்நானம் எடுக்காதவர்களின் கதி என்று அவர் குரலை உயர்த்திய இடங்களிலெல்லாம் பின்னாலிருந்து கிருஷாந் டமார் என்று ஒரு அடி கொடுத்தான். அடி நல்லாயிருக்கு என்று பாஸ்டரே பாராட்டினார். நீ எப்ப எடுக்கப்போறாய் என்றும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். மூன்று தடவையும் அவன் "வாற மாதம் பாஸ்டர்" என்றான். அந்த வாற மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் கடலில் குளிக்கப் போய் மூழ்கிப்போனான். சபை ஞானஸ்நானம் கொடுக்கிற அதே துறையில்.

மகாதேவி அழவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இளையதம்பி அய்யா செத்ததுக்கு நீங்கள் எப்பிடிச் சொன்னனீங்கள் பாஸ்டர்?"

பாஸ்டருக்கு விளங்கவில்லை.

"'அய்யா இண்டைக்குக் கர்த்தரிட்டை இருக்கிறார்' எண்டு சொன்னனீங்கள். நானும் அதிலை நிண்டனான். அவருக்கு 'இருக்கிறார்'. என்ரை பிள்ளைக்கு மட்டும் ஏன் 'இருப்பான்'?"

இளையதம்பி நாற்பது வருடம் மனைவியை அடித்தவர். அவள் செத்தபிறகு அடிக்க ஆளில்லாமல் கர்த்தரிடம் வந்தவர் என்று ஊரில் ஒரு கதை உண்டு. எண்பத்தொரு வயதில், சாவதற்குப் பதினேழு நாள் இருக்கையில், நாலு பேர் கதிரையோடு தூக்கிப்போய் ஞானஸ்நானத்துக்குக் கடலில் இறக்கினார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்பதில் சபையில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

பாஸ்டர் கெட்ட மனிதர் அல்ல. பொய் சொல்லமாட்டார். சங்கடமே அதுதான்.

"சிஸ்டர், கர்த்தர் நல்லவர்" என்றார்.

"ஓம் பாஸ்டர். பிள்ளை எங்கை?"

பாஸ்டரின் மனைவி ஷெரோன் உடனே ஒரு பாட்டைத் தொடங்கினாள். எல்லாரும் நன்றியோடு சேர்ந்துகொண்டார்கள். டிரம் இல்லாமல் பாட்டு இழுபட்டது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிய ஆறுதல் குழு கூடியது. தனுசியா அதன் செயலாளர். யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் பட்டறைக்குப் போய், துயரப்படுகிறவர்களை ஆற்றுப்படுத்துவதற்குச் சான்றிதழ் வாங்கி வந்தவள். சபையிலேயே அவளிடம்தான் அது இருந்தது.

"'இருக்கிறான்' எண்டு சொல்லிவிட்டா என்னப்பா குறைஞ்சுபோகுது? பெத்த மனுசியெல்லே" என்றாள் ஷெரோன்.

"சொல்லலாம். நாளைக்கு மற்றப் பொடியள் வந்து கேப்பாங்கள். கிருஷாந்துக்குத் தண்ணியிலை இறங்காமலே கிடைச்சதெண்டா நாங்கள் ஏன் இறங்கோணும் எண்டு" என்றார் பாஸ்டர்.

"இறங்கேல்லை எண்டு எப்பிடிச் சொல்றது பாஸ்டர்?" ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் கனகரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இறங்கினவன்தானே. மற்றாக்களை நீங்கள் அமத்திப்போட்டுத் தூக்கிறீங்கள். உவனை ஒருத்தரும் தூக்கேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் பகிடிக்குச் சொல்லவுமில்லை. அது செல்லுமா செல்லாதா என்று இருபது நிமிடம் கதைத்தார்கள். அமத்துகிற ஆள் வேண்டும் என்று பாஸ்டர் சொன்னார். கடல் அமத்தினது போதாதோ என்று கனகரத்தினம் கேட்டார். ரோல்ஸ் முடிந்ததும் தீர்மானத்துக்கு வந்தார்கள். ஆறுதல் சொல்லுகையில் வினைச்சொல்லைத் தவிர்ப்பது. "கிருஷாந் கர்த்தருடைய கையில்" என்று சொல்லி அதோடு நிறுத்திவிடலாம். இருக்கிறானா இருப்பானா என்பதைக் கேட்கிறவர் தன் விசுவாசத்தின்படி நிரப்பிக்கொள்ளட்டும். தனுசியா அதைக் கொப்பியில் எழுதினாள். போய்ச் சொல்லுகிற பொறுப்பையும் அவளுக்கே கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை பின்னேரம் அவள் போனபோது மகாதேவி குசினி வாசலில் இருந்து மா அரித்துக்கொண்டிருந்தாள். மடியில் பழைய பேப்பர், கையில் அரிதட்டு. "இரு பிள்ளை" என்றாள். தனுசியா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பலகையில் இருந்தாள்.

"அன்ரி, கிருஷாந் கர்த்தரின்ரை கையிலை."

மகாதேவி மிச்சத்துக்காகக் காத்திருந்தாள். அரிதட்டு நின்றது.

"கையிலை? கையிலை என்ன?"

கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மூச்சை இழுத்து விட்டு, தலையை மெல்ல ஆட்ட வேண்டும் என்று பட்டறையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தனுசியா இழுத்து விட்டாள். ஆட்டினாள்.

"அண்டைக்கு இவன்ரை கூட்டாளி கஜானன் போன் எடுத்தவன், பிள்ளை" என்றாள் மகாதேவி. "மூண்டு மணி இருக்கும். 'அன்ரி, கிருஷாந் வீட்டை நிக்கிறானோ?' எண்டு கேட்டான். கடற்கரையிலை இவன்ரை மாதிரி ஒரு சோடிச் செருப்புக் கிடக்காம். நான் உதிலைதான், இப்பிடித்தான், மா அரிச்சுக்கொண்டிருந்தனான். இவன்ரை அறைக் கதவு சாத்திக் கிடந்தது. படுத்திருக்கிறான் எண்டு நினைச்சன். 'நிப்பான்' எண்டு சொன்னன்."

மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"'நிக்கிறான்' எண்டு சொல்லேல்லை. அதுக்கு எழும்பிப் போய்ப் பாக்கோணும். எனக்குப் பஞ்சி, எழும்ப அலுப்பு. 'நிப்பான்' எண்டன். அவனும் சரியெண்டு வீட்டை போயிட்டான். அஞ்சு மணிக்குத்தான் தேடத் தொடங்கினவங்கள்."

தெருவில் பாண் விற்கிறவனின் ஓட்டோ பாட்டோடு வந்து, பாட்டோடு போய்விட்டது.

"பாக்கப் பஞ்சிப்படுற ஆக்கள்தான் பிள்ளை 'இருப்பான்' எண்டு சொல்லுறது. பாஸ்டரும் என்னை மாதிரித்தான்."

'இருப்பான்' என்பதில் நடுவே இரண்டு எழுத்தை மாற்றினால் போதும் என்று தனுசியாவுக்குத் தெரிந்தது. குழு இங்கே இல்லை. கொப்பியும் இல்லை. கேட்கப்போவது இந்த மனுசியும் ஒரு கோழியும். வாயைத் திறந்தாள்.

"அன்ரி, அவன் அங்கை இருக்கிறான்."

"கண்டனியோ?"

கோபமாகக் கேட்கவில்லை. பஸ் போய்விட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

தனுசியா எழுந்தாள். வீட்டுக்குப் போகத்தான் எழுந்தாள். கைப்பை பலகையிலேயே கிடந்தது. கால்கள் படலைப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குள்ளே போயின. சாத்திக் கிடந்த அறைக் கதவைத் தள்ளினாள். அது ஈரத்துக்கு இறுகியிருந்தது. தோளால் முட்டித் திறக்க வேண்டியிருந்தது. கட்டிலில் விரிப்பு ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது. தலையணையில் இரண்டு டிரம் குச்சிகள். சுவரில் சார்ஜரின் சிவப்பு வெளிச்சம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, வயரின் மறுமுனை நிலத்தில் தனியே கிடந்தது. அவள் நன்றாகப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். குனிந்து கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தாள்.

நிமிர்ந்து திரும்பியபோது மகாதேவி குசினி வாசலில் எழுந்து நின்றாள். அரிதட்டு ஒரு கையில் சரிந்து, மா அவள் பாதத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. காதில் போனை வைத்திருக்கிறவளைப் போலத் தலையைச் சற்றுச் சரித்து, தனுசியாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.