ராஜசேகருக்குக் கீழே ஒரு பெயர்

கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு செல்வப்பிரியா ஓய்வு நேரத்தில் செய்துவந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஓர் இயங்குதளத்துக்கு மென்பொருள்களைப் பேக்கேஜாகக் கட்டித் தருவாள். ஒரே கட்டளையில் அவை எவர் கணினியிலும் ஏறிவிடும்.

தரவை மின்னல் வேகத்தில் சுருக்கும் நிரல் தொகுப்பு ஒன்று அதில் இருந்தது. அதன் பொறுப்பாளர் ஏலப்பாறையில் இருக்கும் ராஜசேகர். நேரில் பார்த்ததில்லை, மின்னஞ்சல் பழக்கம்தான். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவரிடமிருந்து பதிலே இல்லை. புதிய பதிப்பு வேறு தேங்கிக் கிடந்தது. பழைய வகைக் கணினி ஒன்றில் மட்டும், சுருக்கிய கோப்பைத் திரும்ப விரித்தால் சிதைந்து வந்தது.

"பொறுப்பை நீயே எடுத்துக்கொள்" என்றார்கள் இயங்குதளக் குழுவினர். கேட்காமல் எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் போன் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தாள். அவர் மனைவி ஆனந்தி எடுத்தாள்.

"அவுகளுக்குப் பக்கவாதம் வந்துருச்சும்மா. வலது கை விளங்கல, பேச்சும் வரல. ஒங்க மெயில் வந்தா ஸ்கிரீனத் தொட்டுத் தொட்டுக் காட்டுவாக. எனக்கு ஒண்ணும் புரியல."

போனை வைத்ததும் செல்வப்பிரியா தன் கணவன் பூபதிராஜாவிடம் போனாள். "ஏனுங்க, ஒருக்கா போயிப் பாத்துட்டு வரலாமுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை கார் ஏலப்பாறை மலை ஏறியது.

ராஜசேகருக்கு நாற்பதுகூட இருக்காது. பாதி உதட்டால் சிரித்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகள் அவளுக்கு மறந்துபோயின.

"அண்ணா, அந்தக் கோளாறச் சரி பண்ணிட்டனுங்க. அந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டர் உங்ககிட்டத்தான இருக்குது? ஓட்டிப் பாக்கோணுங்க."

அவர் முகம் மலர்ந்தது. கட்டிலுக்கு அடியில் கை காட்டினார். ஆனந்தி அதை இழுத்து, முந்தானையால் தூசி துடைத்துக் கொடுத்தாள்.

இடக்கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தப்பினார், அழித்தார், மறுபடி தட்டினார். உதவப் போன ஆனந்தியை ஒரு பார்வை பார்த்தார். அவள் தன் கையை அவர் தோளில் வைத்துக்கொண்டாள். சோதனை வரிகள் திரையில் ஓடின. எல்லாம் தேறிவிட்டன. கோப்பு ஒரு எழுத்துக் குறையாமல் திரும்பி வந்திருந்தது.

அதன் பிறகுதான் செல்வப்பிரியா தயங்கிச் சொன்னாள். "என்னையப் பொறுப்பெடுத்துக்கச் சொல்றாங்கண்ணா. உங்க பேர எடுக்க எனக்கு மனசில்லீங்க."

அவர் பொறுப்பாளர் பெயர் இருக்கும் கோப்பைத் திறந்தார். தன் பெயரை அப்படியே விட்டு, அதற்குக் கீழே அவள் பெயரைத் தட்டி முடித்தார். பூபதிராஜா மெல்ல எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"எதத் தட்டணும்னு எனக்கும் காட்டிக் குடும்மா" என்று ஆனந்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இனிமே அவுக சொல்ல நெனைக்கறத நானே அனுப்புறேன்."

மறுவாரம் புதிய பதிப்பு வெளியானது. செல்வப்பிரியா செய்தி சொல்லி எழுதினாள். ராஜசேகரின் முகவரியிலிருந்து அன்றே தமிழில் பதில் வந்தது.

"பாத்துட்டாக. கையத் தூக்கிக் காட்டுறாக. வலது கைய. கொஞ்சந்தான், ஆனா தூக்குனாக. ஆனந்தி."