நாமம் தரித்த ஈ

…பாதம் இருக்கிறதா இல்லையா, இருக்கத்தான் இருக்கிறது, லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் இருக்கிறது, இரண்டு கண்களுக்கும் நடுவே வெள்ளிப் பொடியில் இட்டது போல நாமம், அதன் அடியில் மூக்கென்று சொல்லத்தக்க இடம்வரை இறங்கும் ஒரு குட்டிப் பாதம், சந்தேகமில்லாத தென்கலை. எள்ளில் பாதிகூட இல்லை இந்த ஈ, பள்ளிக்கூடத்து சயன்ஸ் வாத்தியார் பராங்குசம் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் முழங்கால் சேற்றில் நின்று பிடித்தது, எந்தப் புஸ்தகத்திலும் இன்னும் ஏறாதது, ஒன்றே ஒன்று… அந்த நாற்றச் சேற்றின்மேல் என்ன அழகாக ஓடிற்று, முன்காலை வெள்ளிக் கொடி மாதிரி தூக்கி ஆட்டி, பெண் ஈ திரும்பிப் பார்க்காவிட்டாலும் மறுபடி ஆட்டி… உடம்பில் ஒரு பச்சை, பிள்ளையார்பாளையத்து மயில்கழுத்துப் பட்டு இதன் பக்கத்தில் வெளிறிப்போகும். பெயர் வைக்க நாளைத் தபாலில் கல்கத்தா மியூசியத்துக்குப் போகிறது, வழியிலேயே உதிர்ந்தாலும் உதிரும், அப்புறம் உலகத்துக்கு அவன் வரைந்த படம்தான் ஈ.

அக்கா புருஷர் பாச்சா அத்திம்பேரிடம் ஈக்கு நாமம் என்று இவன் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாது. கோயில் யானை நெற்றியில் வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட்டுக்குப் போன ஊர், அத்திம்பேர் அதில் மூன்றாம் சாட்சி, அன்றிலிருந்து அவருக்கே யானை நடை. "பாத்தியோடா, சமுத்திரக்கரை ஈகூட வடகலை! சாயங்காலம் நம்ம வடகலை சபையில காட்டப்போறேன், படத்தை நன்னா போட்டு வை." பாதம் இருக்கு அத்திம்பேர் என்றால், "அழுக்கா இருக்கும், துடைச்சுடு." அழுக்கில்லை என்றால், "ஈக்கு எதுக்குடா பாதம், அதான் ஆறு கால் இருக்கே!" சிரித்துக்கொண்டே போய்விட்டார், இவனால் சிரிக்க முடியவில்லை, இவன் நெற்றியிலும் பாதமில்லாத வடகலை நாமம்தானே… படத்தில் ஒரே ஒரு பென்சில் கீற்று, அதை அழித்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? அந்த ஈயா? "ஏன்னா, தளிகை ஆறிண்டிருக்கு," உள்ளிருந்து ஹேமாம்புஜம், "சாதத்துல உக்காந்தா விரட்டறேள், செத்த ஈக்கு என்ன இத்தனை உபசாரம்?"

ஈயைக் கோத்து நெட்டித் துண்டில் குத்தியிருந்த ஊசியை இலேசாகத் திருப்பினான், பாதத்தைக் காணோம்! பழையபடி திருப்பினான், வந்துவிட்டது. ஓ, ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறதோ அதைப் பொறுத்து மின்னுகிற பொடி… என்ன ஈயடா நீ, எந்தக் கோர்ட்டாலும் உன்னைக் கூண்டில் ஏற்ற முடியாது. அப்படியானால் பொய்யே சொல்லாமல் அழித்துவிடலாம், அத்திம்பேருக்கும் திருப்தி, கல்கத்தாவுக்கும் குற்றமில்லை. ரப்பரை எடுத்தான், படத்தின்மேல் குனிந்தான்… முதலிலேயே பாதமில்லாமல் தெரிந்திருந்தால் இந்த ஊசியைத் திருப்பிப் பார்த்திருப்பேனா? கை நின்றது. மத்தியான வியர்வையில் கரைந்து அவன் நாமம் மூக்கின்மேல் ஒரு பாதமாக மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் கை எழவில்லை.